பசளை மானியம் அந்தர் கணக்கில் இல்லை, காணிக் கணக்கில்

மானியக் காசு வங்கிக்கு வந்ததும், யூரியாவை எவ்வளவு கூட எறிகிறோமோ அவ்வளவுக்கு அரசாங்கம் நமக்குத் தருகிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு ஓடும். அப்படி இல்லை. நெல்லுக்கான மானியம் நீங்கள் செய்யும் காணியின் அளவுக்குத்தான், எத்தனை அந்தர் (50 கிலோ மூட்டை) வாங்கினீர்கள் என்பதற்கு இல்லை. 2024/25 பெரும்போகத்துக்கு அதை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார்கள், ஆகக்கூடினால் 2 ஹெக்டேயருக்கு. நம்முடைய கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ பத்தாயிரம், ஐந்து ஏக்கர் வரை. தொகை போகத்துக்குப் போகம் மாறும், ஆகவே உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக் காணி என்றால் விதைப்புக்கு முதலே பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், பிறகு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை.

சரி, இந்த யூரியாக் கணக்குக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? ஒரு அந்தர் யூரியாவில் 23 கிலோ நைதரசன். பயிர் எடுக்காத மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போக, ஒரு பங்கு வடிச்சல் தண்ணீரோடு இறங்கிவிடும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்து வயலானாலும் அல்லைத் திட்டத்து வயலானாலும் வடிச்சல் கடைசியில் திருகோணமலைக் கொட்டியாரக் குடாப் பக்கம்தான் வரும். பசளை கலந்த தண்ணீரில் கடற்பாசி கொழுத்து முருகைக்கல்லை (பவளப்பாறையை) மூடும், சேறு வெளிச்சத்தை மறைக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக்கிய, நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவில் சுற்றுலாக்காரர் முருகைக்கல்லை மிதிக்கக்கூடாது என்று சத்தம் போடுகிறோம், நியாயம்தான், ஆனால் வயலிலிருந்து கடலுக்கு இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2019இல் சட்டத்தை இறுக்கி, பெரும் பவளத்திட்டுக்கு வடியும் பகுதிகளில் கரும்பு செய்பவர்கள் நைதரசனும் பொசுபரசும் எவ்வளவு போடலாம் என்று தோட்டக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நமக்கு அப்படி ஒரு கட்டாயம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியதில் பட்ட பாடு போதும்.

ஆனால் மானியம் காணிக்கு வருவதால் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு அந்தரும் உங்கள் கைக்காசு. விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனையும், யூரியா தேவையா என்று இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை நிற அட்டையும் கேளுங்கள், யூரியாவைப் பிரித்துப் பிரித்து எறியுங்கள். எறிந்த பிறகு மூன்று நாலு நாளாவது வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகிற வாயை) கட்டி வையுங்கள். மாரி இருட்டிக்கொண்டு வருகிற அன்றைக்கு மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம்.