கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லதா?

வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்ட வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கொஞ்சமாகக் கதிர்வீச்சு பட்டால் செல்கள் பழகிக்கொள்ளும், தடுப்பூசி போட்ட மாதிரி நல்லதுதான் என்கிறார்களே, உண்மையா?" பழகிக்கொள்வது உண்மை. தடுப்பூசி மாதிரி என்பது உண்மையில்லை. ஏன் என்று புரிய செல்லுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். எக்ஸ் கதிரோ காமா கதிரோ உள்ளே வந்தால் சில சமயம் நேராக டி.என்.ஏ.வைத் தாக்கும், பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் நீர் மூலக்கூறை உடைக்கும், அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துணுக்கு டி.என்.ஏ.வைக் கடிக்கும். கதிர்வீச்சே இல்லாவிட்டாலும், செல்லின் அன்றாட வேதிவினைகளாலேயே தினமும் பல ஆயிரம் சேதங்கள் நேர்கின்றன. ஓர் இழை மட்டும் கெட்டால் பிரச்சினையில்லை. கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிவிடலாம். இந்த வகைப் பழுதுபார்ப்புகளை விளக்கியதற்காகத்தான் 2015இல் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசிஸ் சன்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் வம்பு. பார்த்து எழுத எதிர் இழை இல்லை, குரோமோசோமே துண்டாகிவிட்டது. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. ஒரு கிரே அளவு எக்ஸ் கதிர் ஒரு செல்லில் இப்படி 20 முதல் 40 முறிவுகளை உண்டாக்கும். வயிற்று சிடி ஸ்கேன் சுமார் 10 மில்லிகிரேதான், அதாவது அதில் நூறில் ஒரு பங்கு. ஏறக்குறைய மூன்று செல்லுக்கு ஒரு முறிவு.

ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. அதில் எங்கோ ஓரிடம் அறுந்ததை செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஏடிஎம் என்றொரு புரதம் உண்டு. சும்மா இருக்கும்போது இது இரண்டிரண்டாகப் பிணைந்து, ஒன்றையொன்று முடக்கிக்கொண்டு கிடக்கும். டி.என்.ஏ. அறுந்ததும் ஜோடியில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்ற சின்ன வேதித் துண்டை ஒட்டிவிட்டுப் பிரிந்து வேலைக்குக் கிளம்புகின்றன. 2003இல் பக்கெனிஸ்ட், காஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் செல்களுக்கு அரை கிரே மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்கு இருபதுக்கும் குறைவான முறிவுகள்தான். ஆனால் சில நிமிடங்களிலேயே செல்லில் உள்ள ஏடிஎம்மில் பாதிக்கு மேல் விழித்துவிட்டது! இத்தனை மூலக்கூறுகளும் அந்தச் சில முறிவுகளைப் போய்த் தொட்டிருக்க முடியாது. முறிந்ததும் அந்தப் பகுதியின் இறுக்கம் தளர்ந்து, டி.என்.ஏ. மடிந்திருக்கும் விதமே தொலைதூரம் வரை மாறுகிறது, அந்த மாற்றத்தை ஏடிஎம் உணர்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

விழித்த ஏடிஎம் அடுத்துச் செய்வது இன்னும் அழகு. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் எச்2ஏஎக்ஸ் என்ற வகைமீது பாஸ்பேட் குறி வைக்கிறது. முறிவின் இருபுறமும் லட்சக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துகள் தூரத்துக்கு இந்தக் குறி பரவும். பழுதுபார்க்கும் புரதங்கள் அங்கே வந்து குவியும். ஒரு முறிவு நம் கண்ணுக்கு எட்டாத விஷயம். ஆனால் இந்தக் குறிக்கு ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் முறிவுக்கு ஒன்றாகப் புள்ளிகள் மின்னும். எண்ணிவிடலாம்!

அப்புறம் நடப்பது இணைப்பு வேலை. அறுந்த முனைகளை நேராக ஒட்டுவது ஒரு வழி. வேகமானது, ஓரிரு எழுத்து தொலையலாம். செல் தன் டி.என்.ஏ.வை ஏற்கெனவே நகலெடுத்திருந்தால் அந்த நகலைப் பார்த்து ஒழுங்காகச் சரிசெய்வது இன்னொன்று.

சரி, பழகுவது எப்படி? 1984இல் ஒலிவியேரி, பாடிகோட், உல்ஃப் மூவரும் மனித வெள்ளணுக்களைக் கதிரியக்க டிரிடியம் (ஹைட்ரஜனின் ஒரு வகை) சேர்ந்த தைமிடின் என்ற டி.என்.ஏ. கட்டுமானப் பொருளில் வளர்த்து, பிறகு பெரிய அளவு எக்ஸ் கதிர் கொடுத்தார்கள். முன்பே லேசாகக் கதிர்வீச்சு பட்ட செல்களில் குரோமோசோம் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பார்ப் என்ற பழுதுபார்ப்பு நொதியைத் தடுத்தால் இந்தப் பலன் மறைந்துவிடும், புதுப் புரதம் உருவாவதைத் தடுத்தாலும் அப்படியே என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. ஆக, சின்ன அடி பழுதுபார்ப்புப் பட்டறையைத் தட்டியெழுப்புகிறது. ஆனால் அது தலைகாட்டச் சில மணி நேரம் ஆகும், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். சிலருடைய வெள்ளணுக்களில் அது வருவதே இல்லை. தடுப்பூசி தரும் நீண்டகால நினைவு இங்கே கிடையாது.

இந்த அரைகுறை உண்மையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. அறிவியல் வருவதற்கு முன்பே வியாபாரம் வந்துவிட்டது என்பது வேறு விஷயம்: 1920களில் அமெரிக்காவில் ரேடியம் கலந்த தண்ணீரைச் சத்து டானிக் என்று விற்றார்கள். அதை ஆண்டுக்கணக்கில் குடித்த தொழிலதிபர் எபென் பையர்ஸ் தாடை எலும்பு சிதைந்து 1932இல் இறந்தார். இன்றும் "ஆற்றல்" பதக்கம் என்று தோரியம் கலந்த சாமானைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். தாயத்துகூடத் தேவலாம், அதில் கதிர்வீச்சு இல்லை.

மனிதர்களிடம் பார்த்தால்? பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்காவின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தித் துறை ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2023இல் வெளியானது. குறைந்த அளவுகளிலும், அளவு கூடக்கூடப் புற்றுநோய் மரணமும் சற்றே கூடுகிறது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும். மூன்று ஆண்டு நிதி கொடுத்துவிட்டு முடிவு எங்கே என்று கேட்பவர்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது.

செல்களிடம் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. 2003இல் ரோத்காம், லோப்ரிச் இருவரும் இரண்டாகப் பிரிந்து பெருகாமல் ஓய்ந்திருந்த மனித செல்களுக்கு ஒரு மில்லிகிரே அளவே கொடுத்து, அந்த ஒளிப்புள்ளிகளை எண்ணினார்கள். பெரிய அளவில் உண்டான முறிவுகளை மளமளவென்று சரிசெய்யும் அதே வகைச் செல்கள், இந்த ஒன்றிரண்டை நாள்கணக்கில் அப்படியே விட்டுவைத்தன. பிறகு அந்தச் செல்களைப் பிரியவிட்டபோது புள்ளிகள் குறைந்தன. முறிவோடு இருந்த செல்களே கழித்துக்கட்டப்பட்டிருக்கலாம். 2010இல் லோப்ரிச்சின் குழு முன்கூட்டியே சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்துப் பார்த்தபோது, குறைந்த அளவு முறிவுகளையும் செல்கள் நன்றாகச் சரிசெய்தன. பட்டறையைத் தட்டியெழுப்ப ஒரு சின்ன வேதியியல் எரிச்சலே போதும்; அது கதிர்வீச்சிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை.