ராட்சதக் களவா பெருகிவிட்டதா? புளோரிடா தூண்டில்காரர்களின் கணக்கும் கடலின் கணக்கும்

அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு புகார் வந்துவிடும். கடலடியில் கிடக்கும் ஏதோ ஒரு பழைய கப்பலுக்கு மேலே படகை நிறுத்தி, தூண்டிலை இறக்குகிறார்கள். நம்மூர்ச் சங்கரா, செப்பிலி வகையைச் சேர்ந்த மீன் ஒன்று கடிக்கிறது. நரம்பைச் சுற்றி மேலே ஏற்றிக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில் தூண்டில் திடீரென்று கனத்துப்போகிறது. அதுவரை துடித்த துடிப்பு நின்று, ஏதோ ஒன்று மெதுவாக, நிதானமாகக் கீழே இழுக்கிறது. கழி வில்லாக வளைகிறது. நரம்பு கப்பலின் துருப்பிடித்த விளிம்பில் உரசி அறுகிறது. மீனும் போச்சு, கொக்கியும் ஈயமும் போச்சு.

இழுத்தது கோலியாத் களவா. களவா இனத்தில் அட்லாண்டிக் கடலின் மிகப் பெரிய மீன் இதுதான். இரண்டரை மீட்டர் நீளமும் முந்நூறு கிலோவுக்கு மேல் எடையும் வளரக்கூடியது. தூண்டிலில் பிடிபட்டதில் உலக சாதனை 1961-ல் புளோரிடாவின் பெர்னாண்டினா கடற்கரையில் கிடைத்தது. எடை 308 கிலோ. ஆளைக் கண்டால் ஓடாது, பாறைப் பொந்திலோ கப்பலின் நிழலிலோ அசையாமல் நின்று பார்க்கும். இந்தப் பயமின்மைதான் அதற்கு எமனாகவும் வந்தது. 1970களிலும் 80களிலும் ஈட்டியோடு மூழ்கியவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் இதைவிட எளிதான இலக்கு இருக்கவில்லை. இனம் அழியும் நிலைக்கு வந்த பிறகு, 1990-ல் அமெரிக்கக் கடற்பகுதியில் இதைப் பிடிக்க முழுத் தடை வந்தது.

தடைக்குப் பிறகு மீன் மெல்லத் திரும்பி வந்தது. வந்ததும் சண்டையும் தொடங்கியது. தூண்டில்காரர்களில் பலர், குறிப்பாகப் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்க அழைத்துப்போகும் படகுக்காரர்கள், மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்: கோலியாத் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது, சங்கராவையும் மற்ற களவாக்களையும் தின்று தீர்க்கிறது, ஆகவே ஓரளவு பிடிக்க விட வேண்டும். கடலுக்கடியில் அதன் அருகே நீந்துவதற்காகவே வெளியூர்களிலிருந்து வரும் முக்குளிப்பவர்கள், தொடவே கூடாது என்கிறார்கள்.

தூண்டில்காரர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆண்டு முழுக்கக் கடலில் கிடக்கிறவர்களின் அனுபவத்தைத் தள்ளிவிடுவது சரியல்ல. ஆனால் படகின் மேலிருந்து தெரிவதும் கடலுக்கடியில் நடப்பதும் ஒன்றல்ல. ஏன் என்பதை இந்த மீனின் உடலிலிருந்தே தொடங்கலாம்.

கோலியாத் துரத்தி வேட்டையாடும் மீன் அல்ல. பருத்த உடல், வட்டமான வால், உருண்டை மார்புத் துடுப்பு; இந்த அமைப்பால் நீண்ட தூரம் விரட்ட முடியாது. அதன் ஆயுதம் வாய். இரை பக்கத்தில் வந்ததும் வாயையும் செவுள் மூடிகளையும் ஒரே நேரத்தில் விரிக்கிறது. வாய்க்குள் இடம் சட்டென்று பெருகுவதால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியிலிருக்கும் தண்ணீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. உள்நோக்கி வளைந்த சிறு பற்கள் இரை நழுவாமல் பிடித்துக்கொள்ள, முழுதாக விழுங்கிவிடுகிறது. இப்படி உறிஞ்சுவது மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் வேலை செய்யும். வாயிலிருந்து சற்றுத் தள்ளிப்போனாலே விசை விழுந்துவிடும்.

ஆரோக்கியமான ஒரு சங்கரா இதன் முன்னால் நீந்திப் போனால் பெரும்பாலும் தப்பிவிடும். தூண்டிலில் மாட்டிய சங்கராவின் கதை வேறு. அது ஓட முடியாது. துடிக்கிற துடிப்பு தாழ்ந்த அதிர்வுகளாகத் தண்ணீரில் பரவுகிறது. மீன்களின் உட்காதும் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடும் இத்தகைய அதிர்வுகளைப் பிடிப்பதற்கென்றே அமைந்தவை. அடிபட்ட இரை இங்கே இருக்கிறது என்று தூண்டிலே கூப்பிட்டுச் சொல்வதாகிறது. கோலியாத் கிளம்பி வந்து எடுத்துக்கொள்கிறது. தூண்டில்காரர் பார்ப்பது இந்த ஒரு காட்சியை மட்டும்தான். கோலியாத் சாப்பிடுவதை அவர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் வாயில் இருப்பது அவருடைய மீன்!

மற்ற நேரத்தில் அது என்ன தின்கிறது? புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கோனிக், பெலிசியா கோல்மன் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. மீனைக் கொல்லாமலேயே வயிற்றில் இருப்பதை எடுத்துப் பார்த்தார்கள். முக்கிய உணவு நண்டு. அடுத்து சிங்கி இறால் போன்ற ஓடுடைய உயிரினங்கள், பிறகு முள்ளம்பேத்தை, கெளுத்தி மாதிரியான மந்தமான, முள்ளும் நஞ்சும் கொண்ட மீன்கள். கோலியாத் அதிகம் இருக்கும் இடங்களில் மற்ற மீன்கள் குறைந்திருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். குறையவில்லை, மீன்களின் எண்ணிக்கையும் வகையும் அங்கே கூடுதலாகவே இருந்தன. நல்ல பாறைத்திட்டு எல்லா மீன்களையும் ஈர்க்கும் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கோலியாத் மணலைத் தோண்டிப் பொந்துகளை அகலப்படுத்துவது சிறு உயிர்களுக்கு வீடாகிறது என்பதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. எப்படியானாலும், சங்கரா குறைந்ததற்குக் கோலியாத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. ஆண்டுதோறும் புளோரிடா கடலில் இறங்கும் லட்சக்கணக்கான தூண்டில்கள் சங்கராவுக்கும் களவாவுக்கும் என்ன செய்தன என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, பெருகிவிட்டது என்ற பேச்சு? இங்கே விஷயம் இன்னும் சிக்கலானது.

வளர்ந்த கோலியாத் இடம் மாறுவது குறைவு. அடையாளச் சீட்டு குத்தி விட்ட மீன்கள் மாதக்கணக்கில் கழித்தும் அதே கப்பலில், அதே பாலத்தூணடியில் தென்படுகின்றன. தூண்டில்காரர்கள் விரும்பிப் போவதும் அந்த இடங்களுக்குத்தான். ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்த அதே புள்ளிக்கு வாரா வாரம் போகும் படகு, அதே நாலைந்து மீன்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கலாம். பத்து முறை மீன் பறிபோனால் பத்து கோலியாத் என்று அர்த்தமில்லை.

இனப்பெருக்கக் காலம் இன்னொரு மயக்கத்தை உண்டாக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளில், கோலியாத் கூட்டமாகச் சேர்ந்து முட்டையிடுகிறது. புளோரிடாவின் தென்கிழக்கில் ஜூபிடர் பகுதியிலுள்ள மூழ்கிய கப்பல்கள் இதற்குப் பேர்போனவை. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூட மீன்கள் வருகின்றன. காற்றுப்பையை அதிரவைத்து அவை எழுப்பும் ‘தும்’ என்ற தாழ்ந்த ஒலி சுமார் 60 ஹெர்ட்ஸ்; முக்குளிப்பவர்கள் அதைக் காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணர்கிறார்கள். 1980களின் இறுதியில் இப்படிச் சேரும் இடமொன்றில் பத்து மீன்கூடத் தேறவில்லை. பிற்பாடு சில இடங்களில் அது பல பத்துகளாக உயர்ந்தது. மீட்சி உண்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்களில் அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் கடல் முழுக்க இப்படித்தான் என்று முடிவுகட்டுவது, திருவிழா அன்று தேரடியில் நின்று ஊர் ஜனத்தொகையை எண்ணுவது போல.

விஞ்ஞானிகளால் மட்டும் சரியாக எண்ண முடிகிறதா? ஒரு மீன் இனத்தின் இருப்பைக் கணக்கிட, எவ்வளவு பிடிபட்டது, பிடிபட்டவற்றின் வயது என்ன, எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றும் தேவை. வழக்கமாக வயதைச் சொல்வது மீனின் காதுக்கல். அதைக் குறுக்கே அறுத்தால் மரத்தில் தெரிகிற மாதிரி ஆண்டு வளையங்கள் தெரியும். ஆனால் காதுக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். தடை இருப்பதால் அது முடியாது. துடுப்பு முள்ளிலும் கதிரிலும் உள்ள வளையங்களை எண்ணும் முறை இதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்டது. இளம் மீன்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. பிடிபட்ட அளவு பற்றிய தகவலோ 1990-க்குப் பிறகு நின்றேபோனது. பாதுகாத்ததாலேயே கணக்குப் போட முடியாத நிலை. 2016-ல் செய்யப்பட்ட முழு மதிப்பீட்டை, மேலாண்மைக்குப் பயன்படுத்த இது போதாது என்று மறுஆய்வுக் குழு ஒதுக்கிவிட்டது.

அந்த மதிப்பீட்டுக்கு ஆதாரமான தகவல்களில் முக்கியமான ஒன்று தூண்டில்காரர்கள் கொடுத்ததுதான். தெற்கு புளோரிடாவிலுள்ள எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் படகு கரை சேர்ந்ததும், என்ன பிடித்தீர்கள், எதைத் திரும்ப விட்டீர்கள் என்று கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் தூண்டிலுக்கும் இடையே பகை இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பூங்காவில் கிடைப்பவை குஞ்சுகளும் இளசுகளும். கோலியாத் தன் வாழ்வின் முதல் ஐந்தாறு ஆண்டுகளை அலையாத்திக் காட்டில்தான் கழிக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் வளர்ந்த பிறகே கரையை விட்டுத் தள்ளியுள்ள பாறைகளுக்குப் போகும். பெண் மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவும் ஆறேழு ஆண்டு ஆகும். தென்மேற்கு புளோரிடாவின் ‘பத்தாயிரம் தீவுகள்’ பகுதிதான் இதன் மிகப் பெரிய தொட்டில். 2010 ஜனவரியில் அடித்த கடுங்குளிரில் அந்த ஆழமற்ற நீரில் இருந்த இளம் மீன்கள் ஏராளமாகச் செத்தன. மேற்குக் கரையில் அவ்வப்போது வெடித்துப் பரவும் நச்சுப்பாசி பெரிய மீன்களையும் கொல்கிறது. குளிரில் இழந்த ஒரு தலைமுறையின் குறை, கப்பல்களில் வளர்ந்த மீன்களாகத் தெரிய ஐந்தாறு ஆண்டு பிடிக்கும். அதுவரை தூண்டில்காரருக்கு எல்லாம் நிறைவாகவே தோன்றும்.

‘அளவுக்கு மீறி’ என்ற சொல்லுக்கு அளவுகோல் எது என்ற கேள்வியும் இருக்கிறது. புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் படகுத் துறையில், மீன்பிடிப் படகுகளின் வாடிக்கையாளர்கள் தாங்கள் பிடித்த மீன்களோடு நின்று எடுத்துக்கொண்ட படங்களை லோரன் மெக்லனகன் என்ற ஆய்வாளர் தேடிச் சேர்த்தார். 1956 முதல் 2007 வரையிலான அந்தப் படங்களில் தொங்கும் மீன்களை அளந்து 2009-ல் வெளியிட்டார். 1950களின் படங்களில் ஆளைவிடப் பெரிய களவாக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. சராசரி எடை 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2007-ல் அது 2.3 கிலோ. மனிதர்களின் முகத்தில் அதே பூரிப்பு, பலகையில் மட்டும் சிறு சிறு மீன்கள். 1980களில் தூண்டில் பிடிக்கப் பழகியவருக்குக் கோலியாத் இல்லாத கடல்தான் இயல்பான கடல். அது திரும்பி வரும்போது அவருக்குப் படையெடுப்பாகத் தெரிகிறது. அவருடைய தாத்தாவுக்கு அப்படித் தெரிந்திருக்காது. இயல்பு எது என்ற அளவுகோல் தலைமுறைக்குத் தலைமுறை கீழே நகர்ந்துவிடும் இந்தப் போக்கை டேனியல் பாலி என்ற மீனியல் அறிஞர் 1995-லேயே சுட்டிக்காட்டினார்.

புளோரிடாவின் வனவிலங்கு ஆணையம் 2017-ல் ஊர் ஊராகக் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்டு, 2018-ல் தடையைத் தளர்த்த வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை ‘மிக அபாய நிலை’யிலிருந்து ‘அழிய வாய்ப்புள்ள’ நிலைக்கு மாற்றியது. 2022-ல் மாநில ஆணையம் மனம் மாறியது. 2023 முதல் குலுக்கலில் 200 பேருக்கு அனுமதி. மார்ச் முதல் மே வரை, ஆளுக்கு ஒரு மீன், நீளம் 61-லிருந்து 91 சென்டிமீட்டருக்குள். மீன்கள் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் தென்கிழக்குக் கரையில் அனுமதியே இல்லை. அனுமதி பெற்றவர் மீனின் விவரத்தோடு துடுப்புத் துண்டையும் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த நீள வரம்பில் நியாயம் இருக்கிறது. முட்டையிடும் பெரிய மீன்கள் தப்புகின்றன; பாதரசம் மிகுந்த முதிய மீன்களின் இறைச்சியும் யார் தட்டுக்கும் போகாது. ஆனால் பிடிபடுவது முழுக்க அலையாத்திக் காட்டை விட்டு இன்னும் வெளியேறாத இளசு. குளிரும் கெட்டுப்போன நீரும் ஏற்கெனவே தாக்கும் அதே பருவம். 200 என்பது சிறிய எண், அதனால் இனம் சாய்ந்துவிடாது. அதைக் கூட்டச் சொல்லி இனி எழும் குரல்களுக்குப் பதில் சொல்லும்போது, கப்பல்மேல் நின்று எண்ணிய மீன்களை விட்டுவிட்டு, வேர்களுக்கிடையே வளரும் குஞ்சுகளின் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.