கால்வாயைக் கட்ட முடியாது

சூயஸ் கால்வாய் 1869இல் "கட்டி முடிக்கப்பட்டது" என்று, தமிழில் குரல் கொடுத்த ஓர் ஆவணப்படத்தில் போன வாரம் கேட்டேன். இப்படிக் கேட்பது பத்தாவது தடவையாவது இருக்கும். மணலைத் தோண்டி இரண்டு கடல்களைச் சேர்த்த வேலையில் எதைக் கட்டினார்களாம்?

தமிழில் கிணறு வெட்டுவோம், குளம் வெட்டுவோம், கால்வாய் வெட்டுவோம். கரை கட்டுவோம், அணை கட்டுவோம், பாலம் கட்டுவோம். மண்ணை எடுத்தால் வெட்டு, வைத்து எழுப்பினால் கட்டு. பழமொழியில்கூட கிணறு வெட்டத்தான் பூதம் புறப்பட்டது.

கால் என்றாலே நீர் ஓடும் வழி. தாமிரபரணியின் மருதூர் மேலக்கால், கீழக்கால் என்ற பெயர்களில் அது தனியாகவே நிற்கிறது. வாய் சேர்ந்தால் கால்வாய், திருப்பிப் போட்டால் வாய்க்கால். பெரியது கால்வாய், சிறியது வாய்க்கால் என்று சட்டம் பேசுகிறவர்கள், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காலிங்கராயன் வாய்க்காலிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

வினைச்சொல்லைப் பற்றித்தான் இங்கே என் வழக்கு. பழைய சொல் 'தொடு'. "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்ற குறளில் தொடுதல் என்றால் தோண்டுதல். பட்டினப்பாலையில் "குளந்தொட்டு வளம்பெருக்கி" என்று வருவதும் அதே தொடுதல்தான். சோழர் செப்பேடுகளில் "வாய்க்கால் குத்தி" என்று இருக்கும். கல்லுதல், அகழ்தல் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் வெட்டுதல் நிலைத்தது. இத்தனை சொல் மாறியும் ஒன்றுகூடத் தோண்டுவதை விட்டு விலகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் செய்ததை இன்றும் ஈரோட்டுப் பக்கம் எப்படிச் சொல்வார்கள்? பவானியில் அணையைக் கட்டி, வாய்க்காலை வெட்டினான். ஒரே ஆள், ஒரே திட்டம், இரண்டு வினை.

"இப்போது சிமென்ட் போடுகிறார்களே, அது கட்டுமானம்தானே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். சரி, போடட்டும். கிணற்றுக்கும் சுற்றுச்சுவர் கட்டுகிறோம். அதற்காகக் கிணற்றையே கட்டினோம் என்கிறோமா? தண்ணீரைத் தூண்மேல் ஏற்றி ஒரு பள்ளத்தாக்கைத் தாண்ட வைத்தது குமரி மாவட்டத்து மாத்தூரில். அது உண்மையிலேயே கட்டியதுதான், அதனால்தான் அதற்குத் தொட்டிப்பாலம் என்று தனிப்பெயர். எவ்வளவு அழகான பெயர்! எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கியதாகத் தெரியவில்லை.

'நிர்மாணித்தல்' என்று எழுதுகிறவர்கள் இன்னொரு கூட்டம். வடசொல் என்பது இருக்கட்டும், அதில் மண்வெட்டியே தெரியவில்லை. 'அமைத்தல்' பரவாயில்லை, ஆனால் சாலையும் அமைக்கலாம், குழுவும் அமைக்கலாம். ஆங்கிலத்தில் வீட்டுக்கும் கால்வாய்க்கும் 'பில்ட்' என்ற ஒரே சொல் போதும் என்பதற்காக, இரண்டு சொல் வைத்திருக்கும் நாம் ஏன் ஒன்றைத் தொலைக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது. அதே ஆவணப்படம் பனாமாவுக்கும் போனது. அங்கே கேட்டூன் அணையைக் கட்டினார்கள், குலேப்ரா மலையை வெட்டினார்கள், கப்பலை ஏற்றி இறக்கக் கதவு வைத்த பெரிய தொட்டிகளையும் கட்டினார்கள். அந்தத் தொட்டிகளுக்கு ஆங்கிலப் பெயர் 'லாக்'. தமிழ்க்குரல் சொன்னது: "கப்பல்கள் மூன்று பூட்டுகளைக் கடந்து செல்கின்றன."

சாவி யாரிடம் இருக்கிறதோ!