இரண்டு விரல் மேலே இறங்கிய ஊசி

தடுப்பூசி போட்ட கை ஒன்றிரண்டு நாள் வலிப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் மாதக்கணக்கில் வலித்து, தலை வாரக்கூடக் கை எழும்பாமல் போனால் அது வேறு விஷயம். அமெரிக்காவில் இதற்கு 'சிர்வா' (SIRVA, தடுப்பூசி போட்ட விதத்தால் வரும் தோள் பாதிப்பு) என்று பெயர். சட்டப்படி இழப்பீடும் உண்டு.

கோளாறு மருந்தில் இல்லை, ஊசி இறங்கிய இடத்தில்தான். தோளின் உச்சியைத் தடவிப் பாருங்கள், ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே, டெல்டாய்டு தசை திரண்டிருக்கும் பகுதிதான் ஊசிக்கான இடம். அதற்கு மேலே, தசைக்கு அடியில், பர்சா என்ற மெல்லிய பை இருக்கிறது. கையைத் தூக்கும்போது தசைநார் எலும்பில் உரசாமல் வழுக்கிப் போவது அதனால்தான். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றபடியே போட்டாலோ, சட்டைக் கையைச் சுருட்டாமல் கழுத்துப் பக்கமிருந்து இறக்கிவிட்டுப் போட்டாலோ ஊசி மேலே ஏறி அந்தப் பைக்குள் போய்விடக்கூடும். நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பவே செய்த மருந்து, அங்கேயும் அதே வேலையைச் செய்கிறது. பை அழன்று வீங்குகிறது, தோள் இறுகிப்போகிறது.

இழப்பீட்டுத் திட்டம் 1986-இல் வந்த சட்டத்தால் உருவானது. தடுப்பூசியின் ஒவ்வொரு டோஸுக்கும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி பிடிக்கிறார்கள். பணம் அந்த நிதியிலிருந்து வருகிறது. எதிர்மனுதாரர் ஊசி போட்ட நர்ஸ் அல்ல, மத்திய சுகாதாரத் துறைச் செயலர். அதனால் யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. வலிக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் தனி. நல்லெண்ணத்தோடு, தக்க அடிப்படையில் போட்ட மனு தோற்றாலும் வக்கீல் கட்டணத்தை நிதியே தரலாம்.

இந்தத் திட்டம் ஏற்கும் பாதிப்புகளின் பட்டியலில் 2017-இல் சிர்வா சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். இந்த வலிக்குக் காரணமாகக்கூடிய கோளாறு அந்தத் தோளில் முன்பே இருந்திருக்கக் கூடாது. பொதுவாகப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மனுவுக்கு மூன்று ஆண்டு கெடு.

பலர் தடுக்கி விழுவது அந்த 48 மணி நேரத்தில்தான். 'தானாகச் சரியாகிவிடும்' என்று பொறுத்திருந்து இரண்டு மாதம் கழித்து மருத்துவரைப் பார்ப்பார்கள். அவரும் 'சில வாரங்களாகத் தோள் வலி' என்று எழுதிவிடுவார். ஊசி எந்தக் கையில் போட்டார்கள், வலி என்றைக்குத் தொடங்கியது என்று முதல் சீட்டிலேயே இல்லாவிட்டால், அப்புறம் வீட்டாரின் வாக்குமூலத்தையும் அன்றைக்கு யாருக்கோ அனுப்பிய குறுஞ்செய்தியையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.