மூடி இறுகினால் மட்டும் போதாது

காய்கனிகளைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ள வருபவர்கள், புட்டி ஆறும்போது எழும் 'டப்' சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடுகிறார்கள். மூடி உள்வாங்கிவிட்டது, இனி ஓராண்டுக்குக் கவலையில்லை என்ற நிம்மதி. பயிற்சி கொடுக்கும் எனக்கு அந்த நிம்மதிதான் பயம் தருகிறது.

பிரான்சின் நிகோலா அப்பெர் 1810-இல் இம்முறையை வெளியிட்டபோது, காற்றை நீக்கியதால்தான் உணவு கெடவில்லை என்று அன்றைய வேதியியலாளர்கள் நினைத்தார்கள். சூடு கிருமிகளைக் கொன்றதுதான் காரணம் என்ற தெளிவு, பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் காலத்தில்தான் வந்தது. மூடியை மட்டும் நம்புகிறவர்கள் இன்னும் 1810-இலேயே நிற்கிறார்கள்.

கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று இல்லாத இடம்தான் வசதி. மண்ணில் வாழும் அதன் வித்துகள் (கடின உறைக்குள் உறங்கும் நிலை) காய்கறியோடு சமையலறைக்கு வந்துவிடும். கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் பிழைக்கும். காற்றும் புளிப்பும் இல்லாத ஈரம் கிடைத்தால் அறை வெப்பத்திலேயே முளைத்து நச்சைச் சுரக்கும். மூடி உப்பியோ, துர்நாற்றம் வீசியோ எச்சரிக்கை கிடைத்தால் நம் அதிர்ஷ்டம். பல நேரம் நிறம், மணம், ருசி எதிலும் மாற்றம் தெரியாது. பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்கத் திணறுவது ஆகியவை, நச்சு கலந்த உணவைச் சாப்பிட்ட பின் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும். சிலருக்குப் பல நாள் கழித்தும் வரும். மூச்சுத் தசைகள் செயலிழக்கும் முன் மருத்துவமனைக்குப் போய், புட்டி உணவு சாப்பிட்டதைச் சொல்ல வேண்டும்.

எதை எப்படிப் பதப்படுத்துவது என்பதைப் புளிப்புதான் முடிவு செய்கிறது. புளிப்பை அளக்கும் எண்தான் பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். அளவு 4.6-ஐ விடக் குறைவான பழங்கள், ஜாம், வினிகர் ஊறுகாய் ஆகியவற்றுக்குக் கொதிநீர் போதும். நீர் மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது நிற்க வேண்டும். பீன்ஸ், சோளம், காளான், இறைச்சி, மீன் எல்லாம் அந்த அளவுக்கு மேல். அவற்றுக்கு 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வேண்டும். அழுத்தக் கலனில்லாமல் அந்த வெப்பம் வராது.

தக்காளி இரண்டுங்கெட்டான். புளிப்பது போலிருந்தாலும் ரகத்தையும் பழுத்த நிலையையும் பொறுத்து 4.6-ஐத் தாண்டிவிடும். அதனால் ஒரு லிட்டர் புட்டிக்கு, புட்டியில் விற்கப்படும் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி கட்டாயம். கையால் பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அதிகம் புளித்தால் பரிமாறும்போது சர்க்கரை சேர்த்துக்கொள்ளலாம், சாற்றைக் குறைக்காதீர்கள்.

"வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதே?" என்று கேட்காதவர்கள் குறைவு. சிறிய குக்கர் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். செய்முறையில் குறித்த நேரமோ மெதுவாக ஏறி இறங்கும் பெரிய கலனுக்கானது. அந்தக் கலனிலும் எடையைப் பொருத்தும் முன் 10 நிமிடம் நீராவியை வெளியே விட வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டும், வெப்பம் மட்டும் குறைவாக இருக்கும். மலைப்பகுதியில் வசிப்பவர்கள் உயரத்துக்கேற்ப நேரத்தையோ அழுத்தத்தையோ கூட்ட வேண்டும்.

சோதித்துப் பார்த்த செய்முறையில் உங்கள் கைவண்ணம் வேண்டாம். கூடுதலாக ஒரு வெங்காயம் போட்டால் புளிப்பு குறையும். மாவு கரைத்துவிட்டால் வெப்பம் நடுவரை போய்ச் சேராது. எண்ணெயில் ஊறிய பச்சைப் பூண்டை அலமாரியில் வைக்கவே கூடாது. குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் அது இறுகவில்லை. 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டு மீண்டும் பதப்படுத்தலாம், அல்லது குளிர்பெட்டியில் வைத்து விரைவில் சாப்பிடலாம். பல நாள் கழித்து உப்பியோ கசிந்தோ தெரிந்தால் நாக்கு நுனியில்கூட வைக்காதீர்கள். கையுறை அணிந்து, புட்டியை உறையிலிட்டுக் கட்டி, குழந்தைகளுக்கும் விலங்குகளுக்கும் எட்டாதபடி குப்பையில் சேர்த்துவிடுங்கள்.