இடித்த வீட்டுச் செங்கல்: மொட்டை மாடிக்குச் சரி, தூணுக்கு வேண்டாம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டும் வேலை. இடித்த செங்கல் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. டிராக்டர்காரரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால், "ஏதாவது வாய்க்கால் ஓரம் பார்த்துக்கலாம் சார்" என்கிறார். வீட்டுக்காரருக்கு அதற்குக் காசும் கொடுத்து அனுப்ப மனமில்லை. "இதையே ஜல்லியா உடைச்சு கான்கிரீட்ல போட்டா என்ன?" என்றார்.

நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் மேஸ்திரி, சுவரின் அடிப்பகுதிச் செங்கல் ஒன்றைச் சுரண்டிப் பொடியை நாக்கு நுனியில் வைத்தார். முகம் கோணியது. "கரிக்குது சார்."

கடலோரத்தில் பல வருஷம் நின்ற சுவர், தரை ஈரத்தோடு உப்பையும் ஏற்றி வைத்திருக்கும். அந்தச் செங்கலைக் கம்பிக் கான்கிரீட்டில் போட்டால் உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து நெட்டித் தள்ள, கான்கிரீட் வெடித்துப் பெயரும். (நாக்கில் வைத்துப் பார்ப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பொடியை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட் சில சொட்டு விட்டால் போதும். வெள்ளையாகத் திரிந்தால் உப்பு இருக்கிறது.)

உப்பே இல்லாவிட்டாலும் தூண், பீம், ரூஃபுக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர விதி ஐஎஸ் 383:2016-படி, பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லியைக் கம்பிக் கான்கிரீட்டில் எம்25 (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம்) வரை 20 சதவீதம் சேர்க்கலாம். செங்கல் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு அங்கே இடமே இல்லை. எம்15-க்குக் கீழான கான்கிரீட்டில் மட்டும் முழுக்கவே போடலாம். வங்கதேசத்தில் செங்கல் ஜல்லியில் மாடி கட்டுகிறார்களே என்று கேட்பார்கள். கருங்கல் அரிதான ஊர் அது. அதற்கென்றே நன்றாக வெந்த புதுச் செங்கலைப் பொறுக்கி உடைக்கிறார்கள். நம் கையில் இருப்பது பூச்சும் பெயிண்டும் ஒட்டிய கலவைக் குப்பை. அதில் ஃபால்ஸ் சீலிங் துண்டு கிடந்தால் அதைத் தனியே பொறுக்க வேண்டும். ஜிப்சத்தில் உள்ள சல்பேட் சிமெண்டைக் கெடுக்கும்.

அடுத்தது தண்ணீர். மூன்று கிலோ செங்கல் ஒன்று அரை லிட்டர் வரை சாதாரணமாகக் குடிக்கும். காய்ந்த செங்கல் தூளை மணலுக்குப் பதிலாகக் கலந்தால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். கரணையில் கலவை இழுக்காது, கொத்தனார் மேலும் தண்ணீர் ஊற்றுவார், பூச்சு வெடிக்கும். ஒருமுறை என் சைட்டிலேயே இப்படி ஆகி, ஒரு சுவர் முழுக்கக் கொத்தி எடுத்தோம். இப்போது முதல் நாள் ராத்திரியே நனைத்து, மேல் ஈரம் வடிந்த பிறகுதான் கலக்கிறோம்.

சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்ப்பதற்கு மாவு போல அரைபட்ட பொடிதான் வேண்டும். நொறுங்கிய தூள் வெறும் மணலாகத்தான் இருக்கும். நைசாக அரைத்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும். பழைய வீடுகளில் சுண்ணாம்போடு சுர்க்கி என்ற செங்கல் பொடியைக் கலந்தது இதற்காகத்தான். இதில் ஒரு வேடிக்கை: ஜல்லிக்கு நன்றாக வெந்த செங்கல் வேண்டும், சுர்க்கிக்கோ வேக்காடு சற்றுக் குறைந்ததுதான் நல்லது. அதிகம் வெந்தால் சுண்ணாம்போடு சேராது. பூச்சுக் கலவையில் சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்குமேல் நான் மாற்றுவதில்லை. இறுக நேரமெடுக்கும் என்பதால் கூடுதல் நாள் தண்ணீர் காட்டுகிறேன்.

ஆனால் இடித்த செங்கலுக்கு ஏற்ற இடம் மொட்டை மாடிதான். 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது: நம் பொதுப்பணித்துறைக் கணக்கு இது. பரப்பி, மரக்கட்டையால் இறுகும்வரை அடித்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிப்பார்கள். வெயில் தாங்கும், வாட்டமும் கிடைக்கும். என்ன, ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

முத்தியால்பேட்டை வீட்டில் சுவரின் மேல்பாதிச் செங்கல் மாடிக்கு ஏறியது. கரித்த கீழ்ப்பாதியை வாசல் சரிவுக்கு அடியில் கொட்டி இடித்துவிட்டோம். டிராக்டர் ஒரே ஒரு நடைதான் போனது. அதுவும் ஃபால்ஸ் சீலிங் துண்டுகளுக்காக.