அந்த ஓரத்தை வெட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால், இரண்டு அங்குல வட்டத்துக்குள் பக்கவாட்டில் திரும்பிய ஒரு கனவானின் முகம். செயின்ட் மெமின் செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படம். வட்டக் கோட்டை ஒட்டி, சுத்தமாகக் கத்தரித்திருந்தார்கள். பழைய வட்டச் சட்டத்துக்குள் அடங்க வேண்டுமாம்! இந்த வருஷத்தில் இது மூன்றாவது.

செயின்ட் மெமின், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி 1793இல் நியூயார்க் வந்த பிரபு. வயிற்றுப்பாட்டுக்காக இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார். கருவி வைத்து ஆள் அளவுக்குப் பக்கமுகத்தைச் சுண்ணக்கட்டியால் வரைவார்; அதையே சுருக்கிச் செப்புத் தகட்டில் ஏற்றுவார். ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. அதற்குச் சுண்ணக்கட்டி ஓவியம், தகடு, 12 அச்சுகள். அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன்கூட 1804இல் அவர் வரைய உட்கார்ந்திருக்கிறார்.

"வட்டத்துக்கு வெளியே வெறும் தாள்தானே?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வெறும் தாள் இல்லை. முகத்துக்குரியவர் பெயரைப் பெரும்பாலும் செயின்ட் மெமின் அச்சில் போடுவதில்லை. வட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பது செயின்ட் மெமினின் சொந்தப் பெயர், பல சமயம் ஊர். அவரோ பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன், ரிச்மண்ட், சார்ல்ஸ்டன் என்று அலைந்தவர். ஊர் தெரிந்தால் ஆண்டு நெருங்கும், ஆண்டு தெரிந்தால் ஆள் நெருங்குவார். அந்த வரியைத்தான் நீங்கள் கத்தரிக்கிறீர்கள்.

தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளமும் அங்கேதான் இருக்கிறது. விரல் நுனியில் லேசாகத் தட்டும். 1862இல் இந்த முகங்களையெல்லாம் நியூயார்க்கில் புகைப்படமெடுத்துப் புத்தகமாகவே போட்டார்கள். அந்தப் படத்தில் இந்தப் பள்ளம் இருக்காது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு எளிய வழி அது.

அப்புறம், சுண்ணக்கட்டி ஓவியம் வீட்டில் இருந்தால், பொடி உதிரக்கூடாதென்று ஹேர்ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஆம், அடித்திருக்கிறார்கள். சட்டத்தில் அதன்மேல் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடும் வேண்டாம், நிலைமின்சாரம் சுண்ணப் பொடியை இழுத்துவிடும். கண்ணாடி போடுங்கள், ஓவியத்தைத் தொடாமல் இடைவெளி விட்டு. செப்புத் தகட்டைப் பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம், கோடுகள் அவ்வளவு ஆழம் கிடையாது. பின்புறம் பாட்டியோ யாரோ பென்சிலில் எழுதிய பெயரை அழுக்கென்று அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? சரி, குப்பைக்கூடையில் அந்தத் துண்டு இன்னும் கிடக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு உறையில் போட்டு அனுப்புங்கள். செலோடேப் போட்டு ஒட்டி மட்டும் அனுப்பாதீர்கள்.